குரங்குகளின் சபையில் ஒரு மனிதன்: ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ (1968) – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியிலிருந்து வந்த ஒருவன், ஒரு சமூகத்தின் பழைமையான அதிகாரத்தை எதிர்த்து நிற்பது அறிவியல் புனைவு நாடகங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை. அதற்கு ஓர் உதாரணம் கேட்பவர்களிடம் நான் 1968இல் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ படத்தையே சொல்வது வழக்கம். சொன்னதும், படத்தைப் பார்த்தவர்களிடமிருந்தும் பார்க்காதவர்களிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படத்தின் முடிவு முதல் விடையிலேயே வந்துவிடுகிறது; அதை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

1. கதை என்ன? சுருக்கமா சொல்லுங்க.

1972இல் பூமியிலிருந்து புறப்பட்ட விண்கலம் ஒன்று, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பயணம் செய்து, 3978ஆம் ஆண்டில் பெயர் தெரியாத கோள் ஒன்றின் ஏரியில் விழுகிறது. பயணிகள் நால்வரில் ஒரே பெண்ணான ஸ்டூவர்ட், உறக்கப் பெட்டியில் ஏற்பட்ட காற்றுக் கசிவால் வழியிலேயே இறந்துவிட்டார். கரையேறிய டெய்லர், லாண்டன், டாட்ஜ் ஆகிய மூவரும் காண்பது தலைகீழான ஓர் உலகம்: மனிதர்கள் பேச்சற்ற விலங்குகளாகக் காட்டில் திரிகிறார்கள், குதிரையேறித் துப்பாக்கியுடன் வரும் கொரில்லாக்கள் அவர்களை வேட்டையாடுகின்றன. டாட்ஜ் கொல்லப்படுகிறார். தொண்டையில் குண்டுக் காயத்துடன் பிடிபடும் டெய்லர் கூண்டில் அடைக்கப்படுகிறார்.

மனித விலங்குகளை ஆராயும் சிம்பன்ஸி ஸீராவும், அவர் மணக்கவிருக்கும் தொல்லியலாளர் கொர்னீலியஸும் டெய்லருக்கு அறிவு உண்டு என்பதைக் கண்டுகொள்கிறார்கள். அதை மறுத்து நிற்பவர் ஒராங்குட்டான் இனத்தவரான டாக்டர் ஸேயஸ். விசாரணை, தப்பியோட்டம், தடை செய்யப்பட்ட பகுதியிலுள்ள குகை எனக் கதை நகர்ந்து, கடற்கரையில் பாதி புதைந்து கிடக்கும் சுதந்திர தேவி சிலையின் முன் டெய்லர் மண்டியிட்டு விழுவதோடு முடிகிறது. அவர் வந்து சேர்ந்தது வேறு கோள் அன்று, பூமியேதான். படத்தை இயக்கியவர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர். டெய்லராக நடித்தவர் சார்ல்டன் ஹெஸ்டன்.

2. அந்தக் குரங்குகளுக்குள்ள யார் பெரியவங்க?

மூன்று இனங்களுக்கும் மூன்று வகைத் தொழில்கள் பிறப்பிலேயே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒராங்குட்டான்கள் ஆட்சி, சட்டம், சமயம் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். சிம்பன்ஸிகள் அறிஞர்கள், மருத்துவர்கள். கொரில்லாக்கள் காவலர்கள், படைவீரர்கள், வேட்டைக்காரர்கள். எல்லாக் குரங்குகளும் சமம் என்பது அவர்களுடைய சமயக் கோட்பாடுகளுள் ஒன்றாக இருக்கும்போதே இந்தப் பிரிவினையும் நடைமுறையில் இருக்கிறது. படப்பிடிப்பின் உணவு இடைவேளையில்கூட, ஒப்பனை கலைக்காத நடிகர்கள் யாரும் சொல்லாமலேயே இனம் இனமாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று படத்தில் நடித்தவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

3. டாக்டர் ஸேயஸ் விஞ்ஞானியா, மதகுருவா?

இரண்டும். அறிவியல் அமைச்சர், சமய நம்பிக்கையின் தலைமைக் காவலர் என்ற இரண்டு பதவிகளையும் அவர் ஒருவரே வகிக்கிறார். இந்த இரட்டைப் பதவிதான் கதையின் அச்சாணி. அறிவியல் ஒரு கையிலும் சமயம் இன்னொரு கையிலும் இருந்திருந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு பிளவு தோன்றியிருக்கும். டெய்லரைப் போன்ற ஓர் ஆதாரம் அந்தப் பிளவின் வழியே நுழைந்திருக்கும். ஸேயஸைப் பொறுத்தவரை, குரங்குகளின் வேதமான புனிதச் சுருள்களில் எழுதப்பட்டிருப்பதற்கு முரணான எந்த ஆய்வும் தொடக்கத்திலேயே பிழையான ஆய்வு.

ஆயினும் அவரை வழக்கமான வில்லனாக நினைத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மாரிஸ் எவன்ஸ் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் பெற்ற மேடை நடிகர். கனத்த ஒப்பனைக்குள்ளிருந்தும் அவர் ஸேயஸுக்குக் கொடுத்திருப்பது வெறியை அன்று. களைப்பும் எச்சரிக்கையும் கலந்த ஒரு நிதானத்தை.

4. டெய்லர் என்ன தப்பு பண்ணினார்? பேசினது ஒரு குற்றமா?

பேசுவதற்கு முன்பே அவர் குற்றவாளி ஆகிவிட்டார். தொண்டைக் காயத்தால் குரல் வராத நிலையில், அடைப்புக்குள் இருக்கும் டெய்லர் மண் தரையில் எழுதுகிறார். அதில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. எஞ்சிய எழுத்துகளை ஸேயஸ் பார்க்கிறார். ஒரு கணம் நிற்கிறார். பிறகு தம் கைத்தடியாலேயே அவற்றைத் தேய்த்து அழித்துவிடுகிறார். படத்தில் சில நொடிகளே வரும் காட்சி இது. கிறுக்கல் என்று நினைத்திருந்தால் அவர் பேசாமல் கடந்து போயிருப்பார். அழித்ததனால்தான் அவர் அதைப் படித்திருக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது.

பின்னர், பறப்பது என்பதே நடக்காத காரியம் என்று கொர்னீலியஸ் மறுக்கும்போது டெய்லர் ஒரு தாளை மடித்து விமானமாகப் பறக்கவிடுகிறார். அந்தத் தாளும் ஸேயஸின் கைக்குப் போய்க் கசங்குகிறது. இந்த இரண்டு காட்சிகளிலும் ஒரு சொல் விவாதம் நடக்கவில்லை. டெய்லர் முன்வைப்பது கருத்து அன்று. அவரே ஒரு சான்று. கருத்தை மறுத்துவிடலாம், சான்றை அழிக்கத்தான் முடியும். ஆகவே சந்தையில் வலையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கும் டெய்லரின் தொண்டையிலிருந்து முதல் வசவு வெடிக்கும்போது கூட்டம் உறைந்துபோவது அந்த வசவுக்காக அன்று, குரலுக்காக.

5. விசாரணைன்னு சொல்றாங்க, ஆனா டெய்லரைப் பேசவே விடலையே?

ஏனெனில் அது டெய்லர் மீதான விசாரணையே அன்று. மனிதனுக்குச் சட்டத்தின் முன் எந்த உரிமையும் இல்லை என்பதால் அவர் வாதியும் ஆக முடியாது, பிரதிவாதியும் ஆக முடியாது. சபையிலேயே அவருடைய கந்தல் ஆடை உருவப்படுகிறது. பேச வாயெடுத்தால், அந்த விலங்கை அடக்குமாறு காவலருக்கு உத்தரவு வருகிறது. அரசுத் தரப்பில் வாதிடும் ஹொனோரியஸ், குரங்குகளின் சமயக் கோட்பாடுகளிலிருந்து கேள்வி கேட்கிறார்: இரண்டாம் கோட்பாடு எது, எல்லாக் குரங்குகளும் ஏன் சமமாகப் படைக்கப்பட்டன? உங்கள் பண்பாடு எனக்குத் தெரியாது என்று டெய்லர் சொல்ல, பகுத்தறிவு இல்லை என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. உள்ளூர் வேதத்தை ஒப்பிக்கத் தெரியாதவனுக்கு அறிவில்லை என்பதே அங்கே அளவுகோல். பழைய அதிகாரம் வெளியாளைச் சந்திக்கும் முறையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

சபையின் உண்மையான இலக்கு ஸீராவும் கொர்னீலியஸும்தான். கீழான ஓர் இனத்திலிருந்து குரங்கு தோன்றியிருக்கலாம் என்ற கொர்னீலியஸின் கருதுகோள் வெளிப்பட்டதும் வழக்கின் முகம் மாறிவிடுகிறது. இறுதியில் அவமதிப்பு, அறிவியல் மதத்துரோகம் என்னும் குற்றச்சாட்டுகள் அவர்கள் மீதே பாய்கின்றன. நீதிபதிகள் மூவரும் முறையே கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற காட்சித் துணுக்கும் இங்கேதான் வருகிறது. என்னைக் கேட்டால் அது தேவையற்ற குறும்பு. காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டதை அது விரலால் சுட்டிக்காட்டுகிறது. அதைவிடக் கொடியது லாண்டன். தம் தோழர் ஒருவர் சாட்சி சொல்வார் என்று டெய்லர் நம்பியிருக்க, தலையில் அறுவைத் தழும்புடன், மூளை சிதைக்கப்பட்டு, வெறித்த பார்வையோடு நிற்கிறார் லாண்டன். சபைக்கு வரக்கூடிய இரண்டாவது சான்று முன்கூட்டியே அழிக்கப்பட்டுவிட்டது.

6. இந்த விசாரணை ஏதாவது உண்மைச் சம்பவத்தை வெச்சு எழுதினதா?

ஒன்றை அல்ல, இரண்டை நினைவூட்டுகிறது. முதலாவது, 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு. பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஸ்கோப்ஸ் தரப்பு அழைத்துவந்த அறிவியல் அறிஞர்களின் சாட்சியத்தை நடுவர்களான பொதுமக்கள் கேட்க நீதிபதி அனுமதிக்கவில்லை. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ஒரு நடைமுறைப் பிழையைக் காரணம் காட்டித் ரத்தானதே தவிர, பரிணாமக் கொள்கையைக் கற்பிப்பதைத் தடை செய்த சட்டம் நீடித்தது. அது நீக்கப்பட்டது 1967இல்தான். அதே ஆண்டில்தான் இந்தப் படம் படமாக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியல். ராட் ஸெர்லிங்குடன் இணைந்து திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்சன், கம்யூனிஸ்ட் தொடர்பைத் துருவிய நாடாளுமன்றக் குழுவின் முன் 1951இல் ஒத்துழைக்க மறுத்ததால் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். அவர் எழுதிய படங்கள் அவர் பெயர் இல்லாமலே வெளியாயின. ஸீராவாக நடித்த கிம் ஹன்டரும் ஐம்பதுகளில் அதே பட்டியலால் வாய்ப்பிழந்தவர். கொள்கை விசுவாசத்தைச் சோதிக்கும் கேள்விகள், கேட்பவரே நீதிபதி, ஆதரித்துப் பேசியவரே அடுத்த குற்றவாளி என்று நகரும் ஒரு சபையை அவர்கள் கற்பனையிலிருந்து தேட வேண்டியிருக்கவில்லை.

7. நாவல்லயும் இதே மாதிரிதானா?

இல்லை, இந்த இடத்தில் நாவல் நேரெதிர். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1963இல் எழுதிய நாவலில், உலீஸ் மேரூ என்னும் பத்திரிகையாளர் ஸோரோர் என்ற தொலைதூரக் கோளில் சிக்குகிறார். அங்கே குரங்குகளுக்குக் கார்களும் விமானங்களும் கொண்ட நவீன நகரம் இருக்கிறது. அறிஞர்களின் பெரும் மாநாட்டில் குரங்கு மொழியிலேயே உரையாற்றும் உலீஸுக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது, விடுதலையும் கிடைக்கிறது. ஸேயஸ் பதவி இழக்கிறார். அந்த இடத்துக்குக் கொர்னீலியஸ் வருகிறார். சான்று கண்டதும் அதிகாரம் பணிந்துவிடும் என்ற நம்பிக்கை நாவலின் நடுப்பகுதியில் இருக்கிறது. பின்னர் உலீஸுக்குக் குழந்தை பிறந்து, பேசும் மனித இனம் பெருகிவிடுமோ என்ற அச்சம் எழும்போதுதான் அவர் தப்பியோட வேண்டியதாகிறது.

படத்துக்காக ஸெர்லிங் எழுதிய முதல் வரைவுகளிலும் நவீன நகரமே இருந்தது. செலவு கட்டாது என்பதால் கல்வீடுகளும் குதிரைகளும் கொண்ட ஊராக அது சுருங்கியது. அந்தச் சிக்கனம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. பழைமையில் உறைந்துபோன சமூகம் என்பதை ஊரின் தோற்றமே சொல்லிவிடுகிறது. தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: பூல் எழுத்தாளராவதற்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பணியாற்றியவர். அந்நாளில் அத்தோட்டங்களின் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்.

8. ஸேயஸ் பாவம், உண்மை தெரியாம மூடநம்பிக்கையில பேசுறார், அப்படித்தானே?

நான்காம் கேள்விக்கான விடையில் வரும் கைத்தடியை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரியும். விசாரணைக்குப் பிறகு டெய்லரைத் தனியே வரவழைத்து, உன் கூட்டத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார். சொல்லாவிட்டால் ஆண்மை நீக்கமும் மூளை அறுவையும் என மிரட்டுகிறார். சபையில் விலங்கு என்று தீர்ப்பளித்துவிட்டு, அறையில் அந்த விலங்கிடம் பேரம் பேசுகிறார்!

குகைக் காட்சியில் இது முற்றிலும் வெளிப்படுகிறது. தடை செய்யப்பட்ட பகுதியில் கொர்னீலியஸ் முன்பு அகழ்ந்த குகையில் மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், செயற்கை இதய வால்வு ஆகியவை கிடைக்கின்றன. இவை பலவீனமான உடல் கொண்ட, ஆனால் கைத்திறன் மிக்க ஓர் இனத்தின் பொருள்கள் என்கிறார் டெய்லர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் ஸேயஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். மனித உருவப் பொம்மை ஒன்று அகப்படுகிறது; என் பேத்தியும் மனிதப் பொம்மைகள் வைத்து விளையாடுகிறாள் என்று அதையும் தள்ளிவிடுகிறார். அப்போது, டெய்லருடன் வந்திருக்கும் பேச்சற்ற மனிதப் பெண் நோவாவின் கையில் இருக்கும் அந்தப் பொம்மை அம்மாவை அழைத்துக் குரலெழுப்புகிறது. பேசாத மனிதனுக்குப் பேசும் பொம்மையை எந்தக் குரங்கு செய்யும் என்ற டெய்லரின் கேள்விக்கு ஸேயஸிடம் விடை இல்லை. சற்று நேரத்தில், டெய்லரிடம் பிணைக்கைதியாகக் கட்டுண்டிருக்கும்போது, மனிதனைப் பற்றித் தமக்கு எப்போதும் தெரியும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இங்கேதான் இந்தப் படம் தன் வகைப் படங்களிலிருந்து விலகி நிற்கிறது என்பது என் கருத்து. அறியாமையை உண்மை வெல்லும். தெரிந்தே மறைக்கும் அதிகாரத்துக்கு எதிராகப் புதிதாக ஒரு சான்றைக் கொண்டுவந்தால், மறைக்க வேண்டிய பொருள்களில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

9. அப்போ கடைசியில ஸேயஸ் சொன்னதுதானே சரியாப் போச்சு?

ஆம், பாதி. மனிதன் விளையாட்டுக்காகவும் பேராசைக்காகவும் கொல்பவன், தன் நிலத்தையும் பிறர் நிலத்தையும் பாழாக்குபவன், அவனை அண்டவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை அவர்களுடைய புனிதச் சுருளில் இருக்கிறது. தடை செய்யப்பட்ட பகுதி ஒரு காலத்தில் சொர்க்கமாக இருந்தது, உன் இனம்தான் அதைப் பாலைவனமாக்கியது என்று ஸேயஸ் டெய்லரிடம் சொல்கிறார். உடைந்த சிலை அதை உறுதிப்படுத்துகிறது. வெளியாள் தேடிச் சென்ற சான்றே எதிர்த்தரப்பின் வாதத்தை நிறுவிவிடுகிறது.

சரியாக இல்லாத பாதி எது என்றால், அந்த அறிவை அவர் பயன்படுத்திய விதம். மனிதன் ஏன் அழிந்தான் என்பதைத் தம் மக்களுக்குச் சொல்லியிருந்தால் அது படிப்பினை ஆகியிருக்கும். அவரோ குகையை வெடிவைத்து மூடச் சொல்கிறார். ஸீராவையும் கொர்னீலியஸையும் வழக்குக்கு அனுப்புகிறார். எதிர்காலம் என்ன ஆவது என்று ஸீராவின் உடன்பிறந்தார் மகனான இளைஞன் லூஷியஸ் கேட்க, அதை உனக்காக நான் காப்பாற்றியிருக்கக்கூடும் என்கிறார். அந்தப் பதிலில் பாசாங்கு இல்லை.

10. டெய்லர் புரட்சிக்காரரா? அவருக்கே மனுஷங்களைப் பிடிக்காதே?

படத்தின் தொடக்கத்தில், உறக்கத்துக்குப் போகும் முன் டெய்லர் பதிவு செய்யும் பேச்சைக் கேளுங்கள். மனிதன் இன்னும் தன் சகோதரனோடு போரிடுகிறானா, அண்டை வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுகிறானா என்று எள்ளலாகக் கேட்கிறார். மனித இனத்தைவிட மேலானது எங்கேனும் இருக்க வேண்டும் என்று தேடிப் புறப்பட்டவர் அவர். வந்து விழுந்த இடத்தில், தாம் வெறுத்த இனத்துக்கே வக்கீலாக நிற்க வேண்டியதாகிறது. அந்தச் சமூகத்தை மாற்றும் திட்டம் எதுவும் அவரிடம் இல்லை; கூண்டிலிருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவே. முப்பது வயதைத் தாண்டியவர்களை நம்பாதே என்று லூஷியஸிடம் அவர் சொல்வது, அறுபதுகளின் மாணவர் இயக்க முழக்கம் ஒன்றைக் கேலியும் அன்புமாக எடுத்தாள்வதுதான்.

11. அப்போ உண்மையில அதிகாரத்தை எதிர்க்கிறது யாரு?

ஸீராவும் கொர்னீலியஸும். டெய்லர் வருவதற்கு முன்பே குகையை அகழ்ந்தவர் கொர்னீலியஸ். மனிதர்களைப் பேசப் பழக்க முடியும் என்று நம்பியவர் ஸீரா. ஐந்தாம் கேள்வியில் கண்டதுபோல், சபை கூடியதும் அவர்களுக்காகத்தான். டெய்லர் குதிரையேறிக் கடற்கரையோரம் போய்விடலாம். அவர்கள் அந்த ஊரிலேயே வாழ்ந்தாக வேண்டும்.

இருவரின் துணிச்சலும் ஒரே அளவன்று என்பதும் கவனிக்கத் தக்கது. ஸீரா முன்பின் பாராமல் பாய்கிறார். கொர்னீலியஸோ தம் பதவியையும் வரவிருக்கும் வாழ்வையும் எண்ணித் தயங்குகிறார். மிக உறுதியாகத் தெரிந்த சான்றைக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். ராடி மெக்டவல் நடிப்பில் அந்தத் தயக்கம் கோழைத்தனமாகத் தெரியவில்லை.

12. நோவா ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசறதில்லை?

கதைப்படி அந்த மனிதர்கள் பேச்சை இழந்தவர்கள். ஆனால் படத்தின் குறையும் இதிலேயே இருக்கிறது. வேட்டையாடப்படுபவர்கள், கூண்டில் இருப்பவர்கள், அறுவை மேசைக்குப் போகிறவர்கள் அனைவரும் அவர்களே. டெய்லரோ தாம் அவர்களில் ஒருவர் அல்ல என்று நிறுவவே படம் முழுக்க முயல்கிறார், அவர்களுக்காக வாதிடுவதில்லை.

13. குரங்குகள் இங்கிலீஷ் பேசினப்பவே இது பூமின்னு டெய்லருக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?

தெரிந்திருக்க வேண்டும்தான். நாவலில் குரங்குகளுக்குத் தனி மொழி இருக்கிறது. உலீஸ் அதைக் கற்றுக்கொள்கிறார். படத்திலோ ஆங்கிலமே மிகப் பெரிய தடயம், ஆனால் ஹாலிவுட் படங்களில் எந்த நாட்டவரும் எந்தக் கோளினரும் ஆங்கிலமே பேசிப் பழகிவிட்டதால் பார்வையாளர்கள் அதைத் தடயமாகவே கொள்வதில்லை. டெய்லருக்கு ஏன் உறுத்தவில்லை என்பதற்குப் படத்துக்குள் விடை கிடையாது.

14. அடுத்த படங்கள்ல இந்த மோதல் என்ன ஆச்சு? எதைப் பார்க்கலாம்?

1970இல் வந்த இரண்டாம் படத்தில் சாகும் தறுவாயிலுள்ள டெய்லர் ஸேயஸிடம் உதவி கேட்கிறார். மனிதன் தீயவன் என்று அவர் மறுக்க, டெய்லரின் கையாலேயே பேரழிவுக் குண்டு இயங்கிப் பூமி அழிகிறது. ஒன்பதாம் கேள்வியின் சிக்கலை அறுத்தெறிந்துவிட்டுத் தப்பித்துக்கொண்ட படம் என்றே சொல்வேன்.

1971இல் வந்த மூன்றாம் படம்தான் அசல் வாரிசு. அழிவுக்கு முன் டெய்லரின் விண்கலத்தில் தப்பிய ஸீராவும் கொர்னீலியஸும் 1973ஆம் ஆண்டின் அமெரிக்காவில் வந்து இறங்குகிறார்கள். இப்போது அவர்கள் வெளியாட்கள். கேள்வி கேட்பது குடியரசுத் தலைவர் அமைத்த குழு. முதலில் சிரிப்பும் கைத்தட்டலும் விருந்தும் கிடைக்கின்றன. பிறகு தலைவரின் அறிவியல் ஆலோசகரான டாக்டர் ஹாஸ்லைன், ஸீராவின் வயிற்றிலுள்ள பிள்ளையால் மனித இனத்துக்கு வரப்போகும் கேட்டைக் கணக்கிட்டு, அந்தக் குடும்பத்தையே துரத்துகிறார். வருங்காலத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவரும் உளமாரவே நம்புகிறார். முதல் படத்தைப் பார்த்த சில நாள்களுக்குள் இதைப் பார்ப்பது நல்லது. இரண்டாம் படத்தின் கதையை மேலே சொன்ன அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும்.